ஓராண்டில் எட்டே பந்து: கல்லூரி வைட் ரிசீவரின் பாதை

2017-இல் அலபாமா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் டெவான்டா ஸ்மித் என்ற 18 வயது இளைஞர் சேர்ந்தார். லூசியானா மாநிலத்தில் அமீட் என்ற சின்ன ஊர்க்காரர். ஒல்லியான உடம்பு. ஆடிய இடம் வைட் ரிசீவர்; தூரத்திலிருந்து வீசப்படும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர். அந்தப் பருவத்தில் அணி 14 ஆட்டம் ஆடியது. ஸ்மித் பிடித்த பந்துகள் மொத்தம் எட்டு.

மூன்று ஆண்டு கழித்து, 2020 பருவத்தில், அதே ஸ்மித் 117 பந்து பிடித்தார். அவற்றால் அணிக்கு 1,856 கஜம் முன்னேற்றம், 23 டச்டவுன்; இவை என்னவென்று கீழே வரும். கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பெரிய தனிநபர் விருதான ஹைஸ்மன் கோப்பையும் அவருக்கே போனது. ஒரு வைட் ரிசீவர் கைக்கு அந்தக் கோப்பை வந்து அப்போது 29 ஆண்டு ஆகியிருந்தது. அதற்கு முன் வாங்கியவர் மிஷிகன் பல்கலைக்கழகத்தின் டெஸ்மண்ட் ஹோவர்ட், 1991-இல்.

எட்டிலிருந்து 117-க்கு அவர் எப்படிப் போனார் என்று தெரிந்துகொண்டால், கல்லூரி ரிசீவர் என்பவர் யார், அவர் வாழ்க்கை எப்படி நகர்கிறது என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ஆட்டமே தெரியாதவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஆட்டம்

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து கிடையாது. இரு முனையும் கூரான பந்து, தலைக்கவசம், தோள் கவசம், களத்தில் அணிக்கு 11 பேர். மைதானம் 100 கஜ நீளம், 53 கஜத்துக்குக் கொஞ்சம் அதிகமான அகலம். இரு கோடியிலும் பத்துக் கஜத்துக்கு ஒரு பட்டை உண்டு. அதற்கு எண்ட் ஸோன் என்று பெயர். பந்தோடு எதிரணியின் எண்ட் ஸோனுக்குள் போய்விட்டால் டச்டவுன், ஆறு புள்ளி.

பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. ஒவ்வொன்றும் ஒரு டவுன். அந்த நான்குக்குள் பத்துக் கஜம் முன்னேறினால் மறுபடி புதிதாக நான்கு டவுன் கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து கைமாறிவிடும். தொலைக்காட்சியில் இரண்டாவது டவுன், 26 கஜம் என்று காட்டினால், இது இரண்டாவது வாய்ப்பு, இன்னும் 26 கஜம் போயாக வேண்டும் என்று அர்த்தம். இந்த இரண்டும் இருபத்தாறும் பின்னால் மறுபடி வரும், நினைவில் இருக்கட்டும்.

முன்னேற இரண்டு வழி. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடலாம், இல்லையென்றால் வீசலாம். வீசுபவர் குவார்ட்டர்பேக். அவர் வீசுவதைப் பிடிக்க ஓடுபவர்களில் முக்கியமானவர்தான் வைட் ரிசீவர். பேரிலேயே காரணம் இருக்கிறது: கூட்டத்தை விட்டு விலகி, மைதானத்தின் ஓரத்தில் அகல நிற்பவர். பெரும்பாலும் ஒரே நேரத்தில் மூன்று பேர் இறங்குவார்கள். இரண்டு பேர் இரண்டு ஓரத்தில், ஒருவர் கொஞ்சம் உள்ளே தள்ளி. உள்ளே நிற்பவருக்கு ஸ்லாட் ரிசீவர் என்று பெயர்.

பிடிப்பது கடைசி வேலை

முதன்முதலாக இந்த ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் எல்லாரும் பந்தைத்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். பந்தை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்கும் ஒரே ஒரு ரிசீவரை மட்டும் ஆட்டம் முழுக்கக் கவனித்த நாளில்தான் எனக்கு அந்த வேலையின் கஷ்டம் உறைத்தது. ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் சுமார் எழுபது வாய்ப்பு வருகிறது என்று வையுங்கள். 117 பந்து பிடித்த அந்த அபார ஆண்டில்கூட, 13 ஆட்டத்தில், ஸ்மித்துக்குச் சராசரி ஒன்பது பந்துதான். மீதி அறுபது தடவையும் அவர் சும்மா நிற்கவில்லை. தனக்குப் பந்து வரும் என்று எதிராளி நம்பும்படி முழு வேகத்தில் ஓட வேண்டும். அல்லது பந்தோடு ஓடும் சக வீரருக்காகத் தன்னைவிடப் பருமனான ஆளை நெஞ்சு கொடுத்துத் தடுக்க வேண்டும்.

ரிசீவர் தன்னிஷ்டத்துக்கு ஓடுவதில்லை. ஒவ்வொரு வாய்ப்புக்கும் அவருக்கு ஒரு தடம் சொல்லப்பட்டிருக்கும். அதை ரூட் என்பார்கள். நேராக ஓடி, நான்காவது கஜத்திலேயே உள்பக்கம் சாய்ந்து வெட்டினால் அது ஸ்லாண்ட். பன்னிரண்டு கஜம் போய் சட்டென்று நின்று திரும்பினால் கர்ல். நடுவில் இருக்கும் கோல் கம்பத்தைப் பார்த்துச் சாய்ந்து ஓடினால் போஸ்ட். அதற்கு எதிர்ப்பக்கம், எண்ட் ஸோனின் மூலையைப் பார்த்து ஓடினால் கார்னர். எங்கும் திரும்பாமல் ஒரே மூச்சாக ஓடினால் கோ. இவற்றையெல்லாம் ஒரே படத்தில் வரைந்தால் நடுத்தண்டும் கிளைகளுமாக மரம் போலத் தெரியும் என்பதால் ரூட் மரம் என்றே பேர் வைத்துவிட்டார்கள். கிளைகளுக்கு ஒன்பது வரை எண்ணும் உண்டு. பொதுவாக இரட்டைப்படை என்றால் மைதானத்தின் நடுப்பக்கம், ஒற்றைப்படை என்றால் ஓரப்பக்கம். ஒன்பது என்றால் நேரே பறப்பது.

இதை மனப்பாடம் செய்வது ஒரு வாரத்து வேலை. பிறகு வருவதுதான் ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

எதிரே ஒருவர் நிற்பார், கார்னர்பேக். ரிசீவரைப் பிடிக்கவிடாமல் செய்வதே அவர் பிழைப்பு. சில சமயம் மூக்குக்கு நேராக வந்து நின்று, ஆட்டம் தொடங்கிய நொடியில் இரண்டு கையாலும் நெஞ்சில் குத்தித் தள்ளுவார். அந்தக் கைகளைத் தட்டிவிட்டுக் கிளம்புவது முதல் கலை. அடுத்தது ஓடும்போது. எல்லாத் தடங்களும் முதல் ஐந்தாறு அடியில் ஒரே மாதிரி இருக்க வேண்டும். திரும்பப்போகிறோம் என்றால் உடம்பு தன்னையறியாமல் வேகத்தைக் குறைக்கும், தோள் நிமிரும், கண் திரும்பும் திசையைப் பார்க்கும். எதிராளிக்கு அது போதும், கண்டுபிடித்துவிடுவார். ஆகவே நல்ல ரிசீவர் பறக்கிற மாதிரியே ஓடி, கடைசி நொடியில் இடுப்பைத் தாழ்த்தி, இரண்டே எட்டில் நின்று திரும்புவார். ஸ்மித்தின் பெருமை இங்கேதான் இருந்தது. அவரைவிட வேகமானவர்கள் அவர் அணியிலேயே இருந்தார்கள். அவர் அளவுக்கு ஒன்றும் காட்டிக்கொடுக்காமல் ஓடியவர்கள் குறைவு.

அப்புறம் நேரம். வீசுபவருக்குக் கிடைப்பது இரண்டரை, மூன்று நொடி. ரிசீவர் திரும்பிப் பார்த்த பிறகு வீசலாம் என்று காத்திருந்தால் அதற்குள் அவரை மடக்கிவிடுவார்கள். ஆகவே ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டுக் கிளம்பிவிடும். யாரும் இல்லாத இடத்துக்கு வீசுகிறார். அந்த இடத்தில் அந்த நொடியில் இவர் இருப்பார் என்ற நம்பிக்கையில். ஓரடி பிந்தினாலும் பந்து எதிரணி கையில். இந்த நம்பிக்கை வர ஒரே வழி, ஒரே தடத்தை இரண்டு பேரும் நூற்றுக்கணக்கில் ஓடிப் பழகுவது.

இதெல்லாம் முடிந்து கடைசியாகத்தான் பிடிப்பு. கிரிக்கெட்டில் பவுண்டரிக் கயிற்றுக்குப் பக்கத்தில் பிடிக்கும் கேட்ச் நமக்குத் தெரியும். கால் கயிற்றில் பட்டால் போச்சு. இங்கேயும் ஓரக்கோடு அப்படித்தான். கல்லூரியில் பந்து கையில் உறுதியானபின் ஒரு கால் கோட்டுக்குள் பட்டால் போதும். தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் இரண்டு காலும் பட வேண்டும். கேட்கச் சின்ன வித்தியாசம். கல்லூரியில் ஒரு காலுக்குப் பழகிய உடம்பு, 22 வயதில் தொழில்முறைக்குப் போனதும் இரண்டாவது காலை இழுத்து வைக்கப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. தொலைநோக்குள்ள பையன்கள் கல்லூரியிலேயே இரண்டு காலையும் வைத்துத்தான் பயிற்சி செய்வார்கள்.

பள்ளியிலிருந்து அழைப்பு

அமெரிக்காவில் ஃபுட்பால் வீரர்கள் உருவாவது பள்ளி, கல்லூரி வழியாகத்தான். பள்ளிப் படிப்பு முடிந்து மூன்று ஆண்டு ஆகாமல் என்.எஃப்.எல். யாரையும் தேர்வில் சேர்த்துக்கொள்ளாது. அந்த மூன்று ஆண்டையும் ஏறக்குறைய எல்லாரும் கழிப்பது கல்லூரி அணியில்.

பள்ளி ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்தும் நேரில் வந்தும் கல்லூரிப் பயிற்சியாளர்கள் ஆள் பிடிப்பார்கள். தரம் பார்க்கும் நிறுவனங்கள் ஒவ்வொரு மாணவருக்கும் நட்சத்திரம் கொடுக்கும். ஐந்து என்றால் நாட்டின் மிகச் சிறந்தவர்கள். ஸ்மித்துக்கு நான்கு. அவருடைய சொந்த மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகமான எல்.எஸ்.யூ. அமீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், பேட்டன் ரூஜ் நகரத்தில் இருக்கிறது. அவர் போனது பக்கத்து மாநிலத்தையும் தாண்டி, அலபாமாவின் டஸ்கலூசாவுக்கு. ஒரு லட்சம் பேர் உட்காரும் மைதானம், நிக் சேபன் என்ற கண்டிப்பான தலைமைப் பயிற்சியாளர்.

அதே ஆண்டு அதே அணியில் இன்னும் இரண்டு ரிசீவர்கள் சேர்ந்தார்கள்: ஐந்து நட்சத்திரம் பெற்ற ஜெரி ஜூடி, மின்னல் வேகக்காரரான ஹென்றி ரக்ஸ். அடுத்த ஆண்டு ஜேலன் வாடில் வந்தார். நால்வருமே பின்னாளில் என்.எஃப்.எல். தேர்வின் முதல் சுற்றில் போனவர்கள் என்றால் அந்த அறையில் போட்டி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கல்லூரி வீரருக்கு ஐந்து ஆண்டுக்குள் நான்கு பருவம் ஆடலாம் என்பதுதான் நீண்ட கால விதி. அந்த உபரி ஓராண்டை, உடம்பு தேற்றவும் ஆட்டம் கற்கவும் ஒதுங்கியிருந்து கழிப்பதற்கு ரெட்ஷர்ட் என்று பெயர். 2018 முதல், நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் ரெட்ஷர்ட்டாகவே கணக்கு வைக்கிறார்கள். ஸ்மித் அப்படி ஒதுங்கவில்லை. முதல் ஆண்டிலேயே இறங்கினார். ஆனால் இறங்குவது வேறு, பந்து வருவது வேறு. பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் பயிற்சி என்பது கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. வைத்த வரம்பு, தானாகச் செய்யும் உடற்பயிற்சியும் வீடியோ பார்ப்பதும் அதற்கு வெளியே. கூடவே முழுநேர மாணவராக வகுப்புக்கும் போக வேண்டும். போகாவிட்டால் ஆட முடியாது. இவ்வளவுக்கும் பலன், ஓராண்டில் எட்டுப் பந்து.

இரண்டாவது டவுன், 26 கஜம்

2018 ஜனவரி 8, அட்லான்டா. தேசியப் பட்டத்துக்கான இறுதி ஆட்டம், எதிரே ஜார்ஜியா. பாதி ஆட்டத்தில் அலபாமா 13-0 என்று பின்தங்கியிருந்தது. சேபன் துணிந்து ஒரு காரியம் செய்தார்: பருவம் முழுக்க ஆடிய குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்துவிட்டு, முதலாண்டு மாணவர் டுவா டங்கோவைலோவாவை இறக்கினார். ஆட்டம் 20-20 என்று சமமாகி கூடுதல் ஆட்டத்துக்குப் போனது. ஜார்ஜியா முதலில் ஆடி, பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுத்தது.

அலபாமாவின் முறை. முதல் வாய்ப்பிலேயே டங்கோவைலோவாவை எதிரணி மடக்கி 16 கஜம் பின்னால் தள்ளிவிட்டது. இரண்டாவது டவுன், 26 கஜம். பட்டம் போனது என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

அடுத்து அவர்கள் ஆடியது, நான்கு பேர் ஒரே நேரத்தில் நேராகப் பறக்கும் ஆட்டம். இடது ஓரத்தில் ஸ்மித். அவர் ஓடிய தடம் மரத்தின் ஒன்பதாவது கிளை, கோ. அவர் முன் நின்ற கார்னர்பேக், பின்னால் சேஃப்டி என்ற காவல்காரர் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்ற கணக்கில் ஸ்மித்தைக் கடந்துபோக விட்டார். அந்தச் சேஃப்டியோ நடுவில் நின்று, வீசுபவரின் கண் போகும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். டங்கோவைலோவா வேண்டுமென்றே வலப்பக்கம் பார்த்தார். சேஃப்டி ஒரு நொடி அங்கே நின்றுவிட்டார். பிறகு இடப்பக்கம் திரும்பி வீச்சு. 41 கஜம், ஸ்மித்தின் கைக்குள், டச்டவுன். 26-23. பட்டம் அலபாமாவுக்கு.

இந்த வீடியோவைப் பார்ப்பவர்கள் வீச்சைப் பாராட்டுவார்கள்; பாராட்ட வேண்டியதுதான். நான் பார்க்கச் சொல்வது ஸ்மித்தை. அன்றிரவு முழுக்க அவர் ஒரு பந்துகூடப் பிடித்திருக்கவில்லை. ஆனாலும் தனக்கு வராது என்று நினைத்து அரை மனதாக ஓடாமல், கார்னர்பேக்கின் தோளுக்கு வெளிப்பக்கம் நழுவி, முழு வேகத்தில் போனார். ஆண்டின் எட்டாவது பந்து அது.

காத்திருந்த ஆண்டுகள்

ஒரே இரவில் பேர் தெரிந்துவிட்டது. ஆனால் 2018-இல் அவர் பிடித்தது 42 தான். அந்த ஆண்டு ஜூடி நாட்டின் சிறந்த ரிசீவர் விருதை வாங்கினார். 2019-இல் ஸ்மித் 68 பந்து, 1,256 கஜம், 14 டச்டவுன். மிசிசிப்பிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 11 பந்து, 274 கஜம், ஐந்து டச்டவுன். அப்போதும் அணியின் முதல் ஆள் இவர்தானா என்று கேட்டால் பலர் யோசித்துத்தான் சொன்னார்கள்.

அந்தப் பருவம் முடிந்ததும் ஜூடியும் ரக்ஸும் என்.எஃப்.எல்.லுக்குக் கிளம்பினார்கள். ஸ்மித்தும் போயிருக்கலாம், மூன்றாண்டுக் கணக்கு முடிந்திருந்தது. அவர் போகவில்லை. ரிசீவரின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய முடிவு கிடையாது. தங்கினால் இன்னும் உயர்ந்த இடத்தில் தேர்வாகலாம். முழங்கால் போனால் எல்லாமே போகலாம். சம்பளமில்லாத இன்னோர் ஆண்டுக்காக அவர் தன் உடம்பையே பணயம் வைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

2020 கோவிட் ஆண்டு. அக்டோபரில் டென்னஸி ஆட்டத்தின் தொடக்கத்திலேயே வாடிலுக்குக் கணுக்கால் முறிந்தது. அதற்குப் பிறகு எதிரணிகளுக்கெல்லாம் தெரியும், பந்து ஸ்மித்துக்குத்தான் போகும் என்று. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. பேட்டன் ரூஜில், தன் சொந்த மாநிலத்தில், எல்.எஸ்.யூ.வுக்கு எதிராக எட்டுப் பந்து, 231 கஜம், மூன்று டச்டவுன். அதில் ஒன்று எண்ட் ஸோனில் எம்பி, ஒற்றைக் கையால் பிடித்தது. நாட்டின் சிறந்த கார்னர்பேக்குகளில் ஒருவர் அவர் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தார். அதுபோக ஆர்கன்ஸாஸ் உதைத்தனுப்பிய பந்தைப் பிடித்து 84 கஜம் ஓடி ஒரு டச்டவுன்.

2021 ஜனவரி 5 அன்று ஹைஸ்மன் அறிவிப்பு. இந்த விருது வழக்கமாகக் குவார்ட்டர்பேக்குக்கோ, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்குக்கோ போவது. அவர்கள் கையில் பந்து எப்போதும் இருக்கும். ஆட்டத்துக்கு ஒன்பது தடவை பந்தைத் தொடுபவர் அதை வாங்குவது ஏன் அபூர்வம் என்று இப்போது புரியும். ஏற்புரையில் ஸ்மித், உருவத்தில் பெரியவர்களாக இல்லாத சிறுவர்களைப் பார்த்து, விடாமல் முயலுங்கள், நானும் பெரிய உடம்புக்காரன் இல்லை என்ற பொருளில் பேசினார்.

ஆறு நாள் கழித்து ஓஹையோ ஸ்டேட்டுடன் இறுதி ஆட்டம். முதல் பாதியிலேயே 12 பந்து, 215 கஜம், மூன்று டச்டவுன். இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் விரல் பிசகி வெளியே உட்கார்ந்துவிட்டார். அலபாமா 52-24 என்று வென்றது. ஆட்டத்தின் பாதியை ஆடாமலே அன்றைய நாயகன் அவர்தான்.

எத்தனை பேர் தேறுகிறார்கள்

என்.எஃப்.எல். தேர்வு, அதாவது டிராஃப்ட், ஆண்டுக்கு ஒரு முறை. 32 அணி, ஏழு சுற்று. 2021-இல் தேர்வானவர்கள் 259 பேர். கல்லூரி ஃபுட்பாலின் மேல்தட்டில் மட்டும் அப்போது 130 அளவுக்குப் பல்கலைக்கழகங்கள், ஒவ்வொன்றிலும் 85 பேர் வரை உதவித்தொகையில். பெருக்கிப் பார்த்தால் பதினோராயிரம் பேர். அதிலும் ரிசீவர்கள் ஒரு பங்குதான். மற்றவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு வேறு வேலைக்குப் போகிறார்கள். வகுப்புக்குப் போகச் சொல்லும் அந்த விதியின் அருமை அப்போதுதான் தெரியும்.

ஸ்மித்தைப் பற்றி அணிகளுக்கு ஒரே சந்தேகம், எடை. மருத்துவப் பரிசோதனையில் 166 பவுண்டு, நம் கணக்கில் 75 கிலோ. ஆறடி உயரத்துக்கு அது குறைவு, என்.எஃப்.எல். ரிசீவர்கள் பெரும்பாலும் 90 கிலோவை ஒட்டி இருப்பார்கள். இந்த உடம்பு முதல் பருவத்தையே தாங்குமா என்று பேசினார்கள். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி அதைப் பொருட்படுத்தாமல், டல்லஸ் அணியோடு இடம் மாற்றிக்கொண்டு முன்னேறி, பத்தாவது ஆளாக அவரை எடுத்தது. அது 2021 ஏப்ரல் 29.

இரண்டு மாதத்தில் மாறிய உலகம்

அந்தத் தேதியைக் கவனியுங்கள். 2021 ஜூலை 1 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயர், உருவம், சாயல் ஆகியவற்றை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது. என்.ஐ.எல். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஹைஸ்மன் வாங்கிய ஸ்மித் இரண்டே மாதத்தில் அதைத் தவறவிட்டார். லட்சம் பேர் டிக்கெட் வாங்கி அவர் ஆட்டத்தைப் பார்த்தார்கள். அவர் கைக்கு வந்தது உதவித்தொகைதான். 2025-இல் வந்த நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். இது எப்போதோ வந்திருக்க வேண்டிய நியாயம் என்பதே என் எண்ணம்.

இன்னொரு மாற்றம் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். அணி மாற விரும்பும் வீரர் தன் பெயரைப் பதிந்துகொள்ளும் இணையப் பட்டியல் இது. 2018 அக்டோபரில் வந்தது. முன்பெல்லாம் அணி மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2021-இல் ஒரு முறை மாறினால் உட்கார வேண்டாம் என்றார்கள், 2024-இல் அந்த வரம்பும் போனது.

இதனால் ஒரு ரிசீவரின் வாழ்க்கை எப்படித் திரும்பும் என்பதற்கு ஜேமிசன் வில்லியம்ஸ் சரியான உதாரணம். ஓஹையோ ஸ்டேட்டில் இரண்டு ஆண்டில் அவர் பிடித்தது 15 பந்து. முன்னால் திறமைசாலிகள் வரிசையாக இருந்தார்கள். ஸ்மித் 215 கஜம் எடுத்த அந்த இறுதி ஆட்டத்தில் தோற்ற அணியில் இருந்தவர் இவர். சில மாதத்தில் போர்ட்டல் வழியாக அதே அலபாமாவுக்கு வந்து, ஸ்மித் காலி செய்த இடத்தில் 2021-இல் 79 பந்து, 1,572 கஜம், 15 டச்டவுன் எடுத்தார். அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அப்படியும் டெட்ராய்ட் அணி அவரை 12-ஆவது ஆளாக எடுத்தது. ஒரே ஆண்டு, எல்லாவற்றையும் தலைகீழாக்கியது.

வில்லியம்ஸ் மாறியது சரியான முடிவு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முதல் ஆண்டில் எட்டே பந்து பிடித்த ஒரு நான்கு நட்சத்திர ரிசீவர் இன்று இருந்தால், டிசம்பருக்குள் எத்தனை பேர் அவரை அழைத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஜூடி, ரக்ஸ், வாடில் ஆகியோருடன் மூன்று ஆண்டு தினமும் மோதிப் பழகியதுதான் 2020-இன் ஸ்மித்தை உண்டாக்கியது. இன்றைய பையன்களுக்குக் கையில் பணமும் இருக்கிறது, கதவும் திறந்திருக்கிறது. அப்படிப்பட்ட அறையில் மூன்று ஆண்டு பொறுத்திருப்பது அவர்களுக்கு இன்னும் கடினம்.

பிலடெல்பியா

ஈகிள்ஸ் அணியில் ஸ்மித்துக்குப் பந்து வீசக் காத்திருந்தவர் யார் தெரியுமா? 2018 ஜனவரியில் பாதி ஆட்டத்தில் உட்காரவைக்கப்பட்ட ஜேலன் ஹர்ட்ஸ். அவர் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்கு மாறி, அங்கிருந்து பிலடெல்பியா வந்திருந்தார். ஸ்மித் முதலாண்டு மாணவராக இருந்தபோது, மிசிசிப்பி ஸ்டேட் ஆட்டத்தில் 25 நொடி மிச்சமிருக்க வெற்றி தந்த டச்டவுன் பந்தை அவருக்கு வீசியவரும் ஹர்ட்ஸ்தான்.

உடம்பு தாங்குமா என்ற கேள்வி சீக்கிரமே அடங்கியது. முதல் பருவத்தில் 916 கஜம், இரண்டாவதில் 1,196. 2023 பிப்ரவரியில் சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தில் கேன்சஸ் சிட்டியிடம் 38-35 என்று தோற்றார்கள். ஸ்மித் அன்று சரியாக 100 கஜம். 2024-இல் மூன்று ஆண்டுக்கு ஏழரைக் கோடி டாலர் ஒப்பந்தம்.

2025 பிப்ரவரி 9 அன்று மறுபடி சூப்பர் பௌல், மறுபடி அதே கேன்சஸ் சிட்டி. இடம் நியூ ஆர்லியன்ஸ். அமீட்டிலிருந்து காரில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதல். மூன்றாவது கால் பகுதி, ஈகிள்ஸ் 27-0 என்று முன்னிலை. ஸ்மித் நேராகக் கிளம்பினார், திரும்பவே இல்லை. ஹர்ட்ஸ் வீசினார். 46 கஜம். எண்ட் ஸோனுக்குள் பந்து அவர் கையில் விழுந்தது.